எல்லா வகைப் படமும் எடுக்கிறேன், எதிலும் தேறவில்லை. ஒன்றோடு நிற்க வேண்டுமா?

கேள்வி: ஜனவரி 9

கேமரா வாங்கிக் கொஞ்ச காலம் ஆகிறது. தெருப் படம், போர்ட்ரெய்ட், பூச்சி, பறவை, இரவு வானம் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன். இப்போது ஃபிலிம் மேலும் ஆசை வந்திருக்கிறது. எல்லாமே சுமாராக வருகிறது, ஆனால் எதைப் பார்த்தாலும் ‘இது இவன் எடுத்ததுதான்’ என்று சொல்லும்படி இல்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான் என்கிறார் நண்பர். ஒரே வகையைப் பிடித்துக்கொண்டு மற்றதை எல்லாம் விட்டுவிடுவதுதான் சரியா?

பதில்: ஜனவரி 9, இரவு

இந்தப் பழமொழியைச் சொல்கிறவர்கள் தச்சன் மரத்தைப் பார்த்ததையே குற்றம் ஆக்கிவிடுகிறார்கள். பார்த்ததில் தப்பில்லை, எதிலும் உளி வைக்காமல் நகர்ந்ததுதான் தப்பு.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் எடுத்த பறவை, பூச்சி, மனித முகம் மூன்றிலும் உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என்னிடம் படம் காட்ட வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றும் ஒரே படமாகத்தான் இருக்கும்: நடுவில் ஆள், பின்னால் மங்கல், வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே. அதாவது வகை மாறியிருக்கிறது, எடுக்கிறவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். இப்படி இருக்கும்போது ஒரே வகையில் நின்றாலும் அதே படத்தைத்தான் இன்னும் அதிகமாக எடுப்பீர்கள், அதனால் நண்பரின் மருந்து வேலை செய்யாது.

நான் வகையை வைத்து யோசிப்பதை நிறுத்தி ரொம்ப நாள் ஆயிற்று. என்னிடம் எது குறைகிறது என்று பார்ப்பேன். வெளிச்சம் தெரியவில்லையா, கிட்டே போகப் பயமா, அவசரமா, எடுத்ததில் நல்லதைப் பொறுக்கத் தெரியவில்லையா? அந்தக் குறையை மறைக்கவே முடியாத ஒரு வேலை இருக்கும். அங்கே போய் உட்கார வேண்டும். மற்ற வகைப் படங்களிலும் மாற்றம் தெரியும் வரை எழுந்திருக்கக் கூடாது.

ஜனவரி 10

‘அப்படி எல்லா வகையும் செய்து பெயர் எடுத்தவர் யார்?’ என்று கேட்கப்பட்டிருக்கிறது. நிறைய பேர்.

இர்விங் பென் ஃபேஷன் படம் எடுத்தார், பிரபலங்களை நிறுத்தி எடுத்தார், மேசை மேல் பொருட்களை அடுக்கி எடுத்தார். 1970களின் தொடக்கத்தில் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி வந்து படம் எடுத்து, அதைப் பிளாட்டினம் உப்பு பூசிய காகிதத்தில் பிரிண்டாகப் போட்டார். மிதித்து நசுக்கிய துண்டு கோயில் தூண் மாதிரி நிற்கும். அந்தப் படத்தையும் அவருடைய ஃபேஷன் படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும்: வெற்றுப் பின்னணி, பக்கவாட்டு வெளிச்சம், எல்லையில் துல்லியம்.

எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தது எல்லோருக்கும் தெரிந்த படம். மனித முதுகு, சிப்பி, மணல்மேடு, மிளகாய் எல்லாவற்றிலும் அவர் பார்த்தது ஒரே வளைவுதான்.

கோர்டன் பார்க்ஸ் 1948இல் லைஃப் பத்திரிகையின் முதல் கறுப்பினப் பணியாளர் புகைப்படக்காரர் ஆனவர். ஒரு பக்கம் ஃபேஷன், இன்னொரு பக்கம் வறுமையும் இனவெறியும், அப்புறம் சினிமா இயக்கம். யாரும் அவரைப் பார்த்துத் தச்சன் கதை சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஜனவரி 11

சரி, குறைக்கு ஏற்ற வேலை என்றேன். முதலில் வெளிச்சம், ஏனென்றால் பத்தில் எட்டுப் பேருக்கு (இது புள்ளிவிவரம் இல்லை, என் புலம்பல்) அங்கேதான் ஓட்டை.

இருட்டான அறை, ஒரே ஒரு மேசை விளக்கு, ஒரு வெள்ளைப் பந்து. அவ்வளவுதான் தேவை. பந்தைச் சாம்பல் நிறத் துணி மேல் வையுங்கள். விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம். பந்து தட்டையான வட்டமாக இருக்கும். விளக்கை மெல்ல பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். பந்து உருண்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். பக்கவாட்டில் வந்ததும் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள், அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிழல் மிகக் கறுப்பாக இருக்கும். அதைத் தாண்டிப் பந்தின் ஓரத்துக்குப் போனால் நிழல் கொஞ்சம் வெளுக்கும், மேசைத் துணி திருப்பி அடிக்கும் வெளிச்சம் அது. துணியைக் கறுப்பாக மாற்றினால் அந்த வெளுப்பு போய்விடும். விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் கோடு கரைந்து அகலமாகும்.

இந்தக் கோடு எங்கே விழுகிறது, எவ்வளவு அகலம் என்பதைத்தான் போர்ட்ரெய்ட் எடுப்பவர் மூக்கில் பார்க்கிறார், நிலக்காட்சி எடுப்பவர் மலையில் பார்க்கிறார், பொருட்களை எடுப்பவர் பாட்டில் விளிம்பில் பார்க்கிறார். பந்தில் அதைப் பார்த்துப் பழகிய பிறகு நான் தெருவில் நிற்கும் இடமே மாறிப்போனது. ஆளைத் தேடி நடப்பதை விட்டு, வெளிச்சம் நன்றாக விழும் மூலையைத் தேடி நின்று, ஆள் வரட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஜனவரி 11, அப்புறம்

பந்து இல்லாதவர்கள் தலைமுடி இல்லாத நண்பரை உட்கார வைக்கலாம். பொறுமையானவராக இருக்க வேண்டும்.

ஜனவரி 12

ஃப்ளாஷ் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: விளக்கில் பழகியது அப்படியே உதவும், கூடுதலாக இரண்டு விஷயம் மண்டையில் ஏற வேண்டும்.

தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். ஒரு மீட்டரில் இருந்த ஃப்ளாஷை இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் இரண்டு ஸ்டாப் போய்விட்டது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, ஏறினால் இரண்டு மடங்கு). கிட்டே வைத்தால் முன்னால் இருப்பவர் வெளுத்துப் பின்வரிசை இருட்டாவது இதனால்தான். குழுப் படத்துக்கு ஃப்ளாஷைப் பின்னால் தள்ளி, பவரை ஏற்றுங்கள். ஒரே ஒரு முகம், பின்னணி இருட்டாகப் போகட்டும் என்றால் கிட்டே கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, ஃப்ளாஷ் வெடிக்கும் நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிட மிகச் சின்னது. ஆகவே ஃப்ளாஷ் வெளிச்சத்தை அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, ஆள்கிறது, அறையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்தை அப்பர்ச்சரும் ஷட்டரும் சேர்ந்து ஆள்கின்றன. இது புரிந்தால் ஒரே படத்துக்குள் இரண்டு எக்ஸ்போஷர் உங்கள் கையில். ஷட்டரை ஏற்றிப் பின்னணியை இருட்டாக்கலாம், இறக்கி வெளிச்சமாக்கலாம், முகம் அப்படியே இருக்கும். ஃப்ளாஷோடு ஷட்டர் ஒத்துப்போகும் எல்லையான சின்க் வேகத்தைத் தாண்டினால், பல கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250 நொடி, படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். பழுது இல்லை, ஷட்டர் திரையின் நிழல்.

ஜனவரி 14

ஃபிலிம் ஆசைக்கு வருகிறேன். ஃபிலிமின் ‘அழகு’, ‘உயிர்’, ‘ஆன்மா’ பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அதை வேறு ஆட்கள் நன்றாகச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: ஊடகம் மாறும்போது எக்ஸ்போஷர் பழக்கம் தலைகீழாகத் திரும்புகிறது.

கலர் நெகட்டிவில் கொஞ்சம் அதிகமாக வெளிச்சம் விட்டாலும் தாங்கும், இரண்டு ஸ்டாப் கூடப் பொறுத்துக்கொள்ளும். குறைவாக விட்டால்தான் நிழலில் ஒன்றுமே பதியாது, சேறு மாதிரி வரும். அதனால் நெகட்டிவ் காரர்கள் நிழலைப் பார்த்து அளப்பார்கள். ஸ்லைடில், அதாவது நெகட்டிவ் இல்லாமல் படம் நேராகவே பதியும் ஃபிலிமில், நேர் எதிர். வெள்ளைப் பகுதி வெளுத்துப்போனால் அங்கே ஃபிலிமில் ஒன்றுமே மிச்சம் இல்லை, அரை ஸ்டாப் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். டிஜிட்டல் இந்த விஷயத்தில் ஸ்லைடின் பக்கம்: வெட்டுப்பட்ட வெள்ளை திரும்பாது, நிழலை மட்டும் ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ஃபைல்) ஓரளவு மேலே இழுக்கலாம்.

ஒன்றில் பழகியவர் இன்னொன்றுக்குப் போகும்போது கை தானாகத் தவறான பக்கம் திரும்பும். அப்போதுதான் ‘நான் வெளிச்சம் அளக்கும் மீட்டர் சொன்னதைக் கேட்டேனா, காட்சியைப் பார்த்தேனா?’ என்ற கேள்வி வரும். மீட்டருக்கு எதிரில் இருப்பது வெள்ளைச் சுவரா கறுப்புப் பூனையா என்று தெரியாது, இரண்டையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். சுவர் வெள்ளையாக வர வேண்டும் என்றால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஏற்ற வேண்டும், பூனை கறுப்பாக வர வேண்டும் என்றால் இறக்க வேண்டும். ஏன்ஸல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1939, 40 வாக்கில் உருவாக்கிய ஸோன் சிஸ்டத்தின் அடிப்படை இதுதான். பூஜ்யத்திலிருந்து பத்து வரை படி போட்டு, நடுப்படியான ஐந்தாம் படிதான் மீட்டர் காட்டும் சாம்பல் என்று வைத்துக்கொண்டு, ‘இந்தச் சுவரை நான் எந்தப் படியில் வைக்கப் போகிறேன்?’ என்று நீங்களே முடிவெடுப்பது. டிஜிட்டலிலும் அப்படியே செல்லும், படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் இருப்பதால் சரிபார்ப்பது சுலபம்.

ஜனவரி 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ‘ஃபிலிம் நிதானத்தைக் கற்றுத்தரும் என்பதைச் சொல்லவே இல்லையே’ என்று வந்திருக்கிறது. வேண்டுமென்றே விட்டேன். 36 படம் உள்ள ரோலை மோட்டார் வைத்துச் சில நொடிகளில் தீர்த்தவர்களும் இருக்கிறார்கள். நிதானம் ஃபிலிமிலிருந்து வருவதில்லை, எண்ணிக்கைக் குறைவிலிருந்து வருகிறது.

அகலமான 120 ஃபிலிம் ரோலில் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டரில் எடுத்தால் 12 படம். 4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் ஒரு ஹோல்டருக்கு இரண்டே படம், பக்கத்துக்கு ஒன்று. ஒரு முறை ஒருவரின் வியூ கேமராவில், அதாவது அந்த ஷீட் ஃபிலிம் போடும் பெரிய கேமராவில், தலை நுழைத்துப் பார்க்கக் கிடைத்தது. கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே கொஞ்ச நேரம் இருந்தால்தான் கண் பழகும். பின்கண்ணாடியில் காட்சி தலைகீழாக, இடவலம் மாறித் தெரியும். மரம் மேலிருந்து தொங்கும், ஆள் நடந்தால் எதிர்த்திசையில் போவார். முதலில் எரிச்சல். அப்புறம் என்ன ஆகிறது என்றால், ‘மரம்’, ‘வீடு’ என்று பெயர் சொல்லி அடையாளம் காணுவதை மூளை கைவிட்டுவிடுகிறது. இந்த மூலையில் கனமான கறுப்பு, அந்த ஓரத்தில் வீணாகக் கிடக்கும் வெள்ளை, இப்படித்தான் தெரிகிறது. ஓரங்களைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

வியூ கேமரா இல்லாதவர்கள் எடுத்த படத்தைத் திரையில் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். செலவில்லை. நேராகப் பார்க்கும்போது ‘நல்லாத்தான் இருக்கு’ என்று தோன்றிய பாதிப் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும்.

ஜனவரி 15

ஆமாம், செல்ஃபோனையும் தலைகீழாகப் பிடிக்கலாம். இல்லை, படம் தலைகீழாக வராது, அது நிமிர்த்திவிடும்.

ஜனவரி 19

கறுப்பு வெள்ளை. ‘கலர் சரியில்லாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் நன்றாகிவிடும்’ என்ற வைத்தியத்தைப் பலரும் செய்கிறார்கள். சில நேரம் பிழைக்கும்.

சிவப்புப் பூ, பச்சை இலை. கலரில் பூ துள்ளி வெளியே வருகிறது. கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிப் பூ காணாமல் போகும், ஏனென்றால் இரண்டுக்கும் நிறம்தான் வேறு, வெளிச்ச அளவு அருகருகே. சிவப்பு ஃபில்டர் போட்டால் பூ வெளுக்கும், இலை கறுக்கும், நீல வானமும் கறுக்கும். பச்சை ஃபில்டரில் பூ கறுக்கும். மென்பொருளில் இன்று இதை ஸ்லைடர் வைத்துச் செய்கிறோம், விஷயம் அதேதான்.

பயிற்சி: கேமராவில் மோனோக்ரோம் வைத்துவிட்டு ரா ஃபைலில் எடுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ரா ஃபைலில் கலர் பத்திரமாக இருக்கும். கொஞ்ச காலம் இப்படி எடுத்துவிட்டுக் கலருக்குத் திரும்பும்போது கலரை ஏன் வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொரு படத்திலும் கேட்கத் தோன்றும். கலர் படம் எடுப்பவர்களுக்குக் கறுப்பு வெள்ளையைச் சிபாரிசு செய்வதன் ஒரே காரணம் எனக்கு இதுதான்.

ஜனவரி 22

மேக்ரோவை, அதாவது சின்னப் பொருளை மிகக் கிட்டே போய் எடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு குறை. எனக்கு அதில் பொறுமை குறைவு, ஆனாலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொருள் சென்சார் மேல் அதன் அசல் அளவிலேயே விழும் ஒன்றுக்கு ஒன்று நிலையில், 36×24 மிமீ சென்சாரில் அப்பர்ச்சரை எஃப் 8 வைத்தால் (எஃப் எண் ஏற ஏறத் துளை சின்னதாகும்) ஃபோகஸில் இருக்கும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்! ஈயின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காலில் இருக்காது. அப்பர்ச்சரை இன்னும் மூடி வைக்கலாம் என்றால், அந்த நிலையில் எஃப் 8 என்பது வெளிச்ச அளவில் எஃப் 16 மாதிரி நடந்துகொள்ளும், இரண்டு ஸ்டாப் ஏற்கெனவே போயிற்று. மேலும் மூடினால் சின்னத் துளையில் ஒளி சிதறும் டிஃப்ராக்‌ஷனில் கூர்மை போகும்.

ஆகவே மேக்ரோவில் கற்பது பூச்சியைப் பற்றி இல்லை, தளத்தைப் பற்றி. ஃபோகஸ் ஒரு தட்டையான தளம், கண்ணாடித் தகடு மாதிரி காற்றில் நிற்கிறது. எதை அந்தத் தகட்டில் படுக்க வைக்கிறோம் என்பதே படம். வண்ணத்துப்பூச்சியின் இறக்கைக்கு இணையாகக் கேமராவைத் திருப்பினால் முழு இறக்கையும் கூர்மை, கொஞ்சம் சாய்த்தால் ஒரு கோடு மட்டும். இதை மேக்ரோவில் வலுக்கட்டாயமாகக் கற்றவர் போர்ட்ரெய்டில் எஃப் 1.8 திறந்து வைத்து எடுக்கும்போது இரண்டு கண்ணும் ஒரே தளத்தில் வரும்படி முகத்தைத் திருப்பச் சொல்வார். மற்றவர்கள் ‘லென்ஸ் ஷார்ப் இல்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த லென்ஸ் வாங்குவார்கள்.

ஜனவரி 22, இரவு

‘பொறுமை குறைவு’ என்று எழுதிவிட்டு இவ்வளவு எழுதியிருக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 27

பறவையிலிருந்து தெருவுக்கு எதைக் கொண்டுபோக முடியும்? கேட்டவர் விளையாட்டாகக் கேட்டார், எனக்குப் பிடித்த கேள்வி.

பறவை பறந்த பிறகு பட்டனை அழுத்தினால் வெறும் கிளைதான் கிடைக்கும். பறக்கப்போகிற பறவை பெரும்பாலும் காற்றுக்கு எதிராகத் திரும்பும், உடம்பைத் தாழ்த்தும், சில நேரம் எச்சமிடும். அதைப் பார்த்துவிட்டு ஷட்டரை 1/2000இல் வைத்துத் தயாராக இருப்பவருக்குத்தான் இறக்கை விரிந்த படம். இந்த முன்கூட்டிப் பார்க்கும் புத்தி தெருவிலும் அதேதான்: பேசிக்கொண்டிருப்பவர் கையைத் தூக்கப் போகிறாரா, அந்தக் குழந்தை ஓடப் போகிறதா, அந்த நிழலுக்குள் ஆள் எப்போது நுழைவார். பறவை எடுப்பவர்களுக்குத் தெருவில் ஒரே இடையூறு தூரம். 400 எம்எம் லென்ஸோடு தூரத்தில் நின்று மனிதர்களை எடுத்தால் வேட்டை மாதிரி இருக்கும், படத்திலும் அது தெரியும். 35 எம்எம் லென்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு மீட்டருக்குள் நில்லுங்கள். பயம்தான் குறை என்றால் மருந்து அதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சொல்வீர்கள்: சால் லைட்டர் தெருவைத் தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸிலும் நிறைய எடுத்தார், மழை படிந்த கண்ணாடி வழியாக, கதவிடுக்கு வழியாக. அது வேட்டை மாதிரி இல்லை, ஓவியம் மாதிரி இருக்கும். அவர் ஓவியரும்தான், ஃபேஷன் படமும் எடுத்தவர். டெலி போட்டால் லைட்டர் ஆகிவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

பிப்ரவரி 3

பிரிண்ட். இத்தனை நாள் இதை எழுதத் தள்ளிப்போட்டேன், எனக்கு மிகப் பிடித்த பகுதி.

திரை வெளிச்சத்தை வீசுகிறது, காகிதம் விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. திரையில் பளபளத்த படம் காகிதத்தில் மந்தமாக, இருட்டாக வந்தால் பெரும்பாலும் பிரிண்டர் மேல் குற்றமில்லை, திரையின் பிரகாசத்தை மிக அதிகமாக வைத்துக்கொண்டு திருத்தியிருப்பீர்கள். 24 மெகாபிக்சல் படம், 6000×4000, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று போட்டால் 20×13 அங்குலம் வரும். அந்த அளவில் ஒரு படத்தைச் சுவரில் மாட்டி ஒரு வாரம் பாருங்கள். செல்ஃபோனில் ஒரு நொடி பார்த்து விரலால் தள்ளிவிடும் படம் சுவரில் நிற்குமா என்பது தெரிந்துவிடும். சிலது மூன்றாம் நாளே சலிக்கும். சிலதில் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், ஒரு தடவை பார்த்த பிறகு அதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது.

இருட்டறை கிடைத்தால் ஒரு தடவையாவது நில்லுங்கள். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜர் கீழே காகிதத் துண்டு, மேலே ஓர் அட்டை, ஐந்து நொடிக்கு ஒரு தடவை அட்டையைக் கொஞ்சம் நகர்த்துகிறீர்கள். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலில் போட்டு ஆட்டினால் துண்டு முழுக்கச் சாம்பல் படிகள் தெரியும்: ஐந்து, பத்து, பதினைந்து, இருபது. முகத்துக்கு எந்தப் படி, வானத்துக்கு எந்தப் படி? முகத்துக்குப் பத்து போதும், வானத்துக்கு இருபது வேண்டும் என்றால் மீதிப் பத்து நொடி முகத்தை மறைத்துக் கையாலேயே நிழல் போட வேண்டும், கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் கோடு விழும். சிவப்பு விளக்கில் பிரிண்ட் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும், அவசரப்பட்டு டெவலப்பரிலிருந்து எடுத்தால் வெளியே வெளிறிப்போயிருக்கும். ஃபைபர் காகிதம் காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் மங்கும், ஈரத்தில் பார்த்த வெள்ளையை நம்பக் கூடாது.

மென்பொருளில் ‘டாட்ஜ்’, ‘பர்ன்’ என்று இருக்கும் கருவிகள் இந்தக் கைவேலையின் பெயர்கள்தான். கையால் செய்தவர் மென்பொருளில் அதைக் குறைவாகச் செய்வார் என்பது நான் பார்த்தவரை உண்மை.

பிப்ரவரி 8

முதல் நாள் எழுதியதில் ஒன்றைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. குறையைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுங்கள் என்றேன். இப்போது யோசித்தால் அது மருத்துவமனை மாதிரி இருக்கிறது, எப்போதும் நோயைப் பற்றியே பேச்சு. கேள்வி கேட்டவர் திறமையை மட்டும் கேட்கவில்லை, ‘இது இவன் எடுத்தது’ என்று தெரிய வேண்டும் என்றும் கேட்டார். குறைகளை எல்லாம் சரி செய்தாலும் அது வராது. அது எடுப்பதில் பாதி, பொறுக்குவதில் பாதி, ஒருவேளை பாதிக்கு மேல்.

அமெரிக்கத் தெருப் படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது டெவலப் செய்யாத ரோல்கள் சுமார் 2,500 இருந்தன. அது தனிக் கதை. ஆனால் அவர் எடுத்த ரோல்களை வேண்டுமென்றே ஒரு வருடம், அதற்கு மேலும் கிடப்பில் போட்டுவிட்டு அப்புறம் பார்ப்பவர். எடுத்த அன்றைக்கு இருந்த சந்தோஷம் படத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், அது உதிரட்டும் என்பதுதான் காரணம். நல்ல நாளில் எடுத்த மோசமான படத்தை நாம் எவ்வளவு காலம் தூக்கிக்கொண்டு திரிகிறோம்!

உங்களுக்குச் சொல்வது: பறவை, பூச்சி, தெரு என்று ஃபோல்டர் பிரித்து வைத்திருப்பீர்கள். அதைக் கலைத்துவிடுங்கள். பழைய படங்களை எல்லாம் ஒரே குவியலாகப் போட்டு, சின்னச் சின்ன பிரிண்டாகத் தரையில் பரப்பி, வகையைப் பார்க்காமல் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று எது ஒட்டுகிறது என்று பாருங்கள். பறவையின் கழுத்து வளைவுக்குப் பக்கத்தில் ஒரு கிழவரின் முதுகு போய் உட்காரலாம். காலியான நாற்காலியும் காலியான கூடும் ஒன்றாகலாம். அப்படி ஒட்டுகிற ஏழெட்டுப் படம் கிடைத்தால் நீங்கள் எதைத் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். வகையை விடுவதா வேண்டாமா என்ற கேள்வி அங்கே தானாக விழுந்துவிடும்.

பிப்ரவரி 8, பின்னிரவு

‘ஒட்டவே இல்லை’ என்று ஒரு பதில் உடனே வந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டீர்களா? வேகம் குறைவு என்று உங்கள் மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

பிப்ரவரி 13

செல்ஃபோன் கேமரா உதவாது என்றும் உதவும் என்றும் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்கிறீர்கள். இரண்டும் சரி. சின்ன சென்சார், அதனால் எல்லாமே ஃபோகஸில் இருக்கும், மங்கலை மென்பொருள் போட்டுத் தருகிறது, முடி ஓரத்தில் பிசகும். இரவில் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது, ஆகவே அசையும் பொருள் வினோதமாக வரும். ஆனால் பின்னணியை மங்கலாக்கித் தப்பிக்க முடியாத கேமரா என்பதால், பின்னணியை ஒழுங்காக வைக்கப் பழக அதைவிட நல்லது கிடையாது. போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிட்டு எடுங்கள்.

வீடியோவா? பெரிய விஷயம், தனியாகப் பேசலாம். ஒன்று மட்டும்: நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50 என்பது வழக்கம், படத்தில் பழகிய 1/500ஐ வைத்தால் அசைவு வெட்டி வெட்டி வரும். வெளியே வெயிலில் 1/50க்கு ஒளியைக் குறைக்க, லென்ஸுக்கு முன்னால் போடும் சாம்பல் கண்ணாடியான என்டி ஃபில்டர் வேண்டும். அப்புறம் கேமராவைச் சும்மா பத்து நொடி பிடித்து நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 20

இருட்டறை இல்லாமல் கையால் பிரிண்ட் போட வழி உண்டா என்றால், சயனோடைப், வெயிலில் நீலமாகப் போடும் பிரிண்ட். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை நேரடியாகக் காகிதத்தின் மேல் வைத்து நீலப் படங்களாக வெளியிட ஆரம்பித்துவிட்டார், கேமராவே இல்லாமல்.

ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டின் கரைசலையும் சம அளவு கலந்து, மங்கலான குண்டு பல்பு வெளிச்சத்தில் காகிதத்தில் பூசிக் காயவிட வேண்டும். இது புறஊதாக் கதிருக்குத்தான் அசையும், ஆகவே முழு இருட்டு தேவையில்லை. என்லார்ஜர் கிடையாது, நெகட்டிவ் எந்த அளவோ பிரிண்ட் அந்த அளவு. டிஜிட்டல் படத்தை நெகட்டிவாக மாற்றி, ஒளி ஊடுருவும் ஷீட்டில் பெரிதாக அச்சிட்டு, காகிதத்தோடு கண்ணாடிக்குள் இறுக்கி வெயிலில் வைக்கலாம். கரும்பகுதிகள் நீலத்தைத் தாண்டி வெண்கலச் சாம்பலாகும்வரை விடுங்கள், பாதியில் எடுத்தால் கழுவும்போது எல்லாம் தண்ணீரோடு போய்விடும். மஞ்சள் போகும்வரை தண்ணீரில் கழுவுங்கள். ஈரத்தில் நீலம் வெளிறித் தெரிந்தால் பதற வேண்டாம், ஒரு நாளில் ஆழமாகும். அவசரம் என்றால் கழுவும் தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் உடனே ஆழமாகும்.

திரையில் நன்றாக இருக்கும் படத்தை அப்படியே நெகட்டிவாக்கினால் இதில் நடுச் சாம்பல் எல்லாம் ஒன்றாக அடைந்துபோகும், மென்பொருளில் இருட்டு வெளிச்ச அளவுகளை மாற்றும் வளைவுக் கோட்டை (கர்வ்) மாற்றிச் சில காகிதத் துண்டுகளில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். கையுறை போடுங்கள், கரைசல் துணியில் பட்டால் நீலம் போகாது. முடித்த பிரிண்டைக் காரத்தன்மை உள்ள உறைகளிலோ சோப்புத் தண்ணீர் படும் இடத்திலோ வைக்காதீர்கள், நீலம் வெளுத்து மஞ்சளாகிவிடும்.